வேலையைத் தேடினால் விலை வந்தது: புள்ளிவிபர அட்டவணைகளோடு இரண்டு வருடம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் பக்கம் கச்சான் (நிலக்கடலை) நன்றாக விளையும். ஆனால் விளைந்ததை மூட்டையாகவே கொடுத்துவிடுகிறோம், உடைத்து வறுத்து விற்பவர்களுக்குத்தான் இலாபம். அந்த வேலையை நாங்களே செய்ய ஒரு கொட்டகையும் உடைக்கும் இயந்திரமும் வேண்டும் என்று ஒரு உதவி நிறுவனத்துக்குத் திட்ட முன்மொழிவு எழுதினோம். படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் மாவட்டத்தின் வறுமை நிலை என்ன, அண்மைய ஆண்டுகளில் அது எப்படி மாறியிருக்கிறது?

இரண்டு அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு. 2016 ஆம் ஆண்டு முல்லைத்தீவில் வறியவர்கள் 12.7 வீதம். 2019 இல் 44.5 வீதம், நாட்டிலேயே அதுதான் கூட. "மூன்று வருடத்தில் எங்கள் மாவட்டத்தின் வறுமை மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிட்டது" என்று எழுதி, நாற்பது பெண்களின் கையெழுத்தோடு அனுப்பினேன்.

ஒரு கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கதைத்தா. மரியாதையாகத்தான் கேட்டா. "அக்கா, இந்த ரெண்டு எண்ணும் ஒரே கோட்டில அளந்ததோ?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவ பொறுமையாகச் சொன்னா. 2016 அறிக்கை பயன்படுத்தியது 2002 ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட பழைய வறுமைக்கோடு. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியபோது அது ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய். 2019 அறிக்கையில் கோட்டையே புதிதாகப் போட்டுவிட்டார்கள். 2012/13 இல் மக்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படிச் செலவழித்தார்கள் என்பதை வைத்து வரைந்த கோடு, 2019 விலைவாசிக்கு அது 6,966 ரூபாய். கோடு உயர்ந்தால் அதற்குக் கீழே நிற்பவர்களும் கூடத்தானே செய்வார்கள். நாடு முழுவதற்குமான எண்ணும் அப்படித்தான் 4.1 இலிருந்து 14.3 ஆகத் தெரிகிறது. முல்லைத்தீவு வறிய மாவட்டம் என்பதில் பிழையில்லை. மூன்று மடங்கு என்றதுதான் பிழை.

"ஒப்பிடவேணுமெண்டால் ரெண்டு வருசத்தையும் ஒரே கோட்டில கணிச்ச அட்டவணையைத் தேடுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு, திருத்தி அனுப்ப அவகாசம் தந்தா.

அன்றிரவு நித்திரை வரவில்லை. எங்கள் கஷ்டம் உண்மை. அதைச் சொல்ல நான் எடுத்த எண் பிழையாகிவிட்டால், கஷ்டமே பொய் என்று ஒருவர் சொல்லிவிட முடியும். அந்தப் பயத்தில்தான் இந்த வேலை தொடங்கியது.

ஒரே கோட்டில் கணித்த அட்டவணை எங்கே என்று தேடப் போனபோதுதான் பிரச்சினையின் அளவு தெரிந்தது. ஒவ்வொரு ஆய்வறிக்கையும் நூற்றுக்கணக்கான பக்கம். ஒன்றில் பிடிஎஃப், ஒன்றில் எக்செல், ஒன்றில் படமாக ஸ்கேன் செய்த பக்கம். எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு இடமும் என் கையில் இல்லை. தங்கச்சியின் மகன் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறான். "பெரியம்மா, எல்லா அட்டவணையையும் தேடுற மாதிரி ஒண்டு செய்து தாறன். ஆனா ஒவ்வொரு அட்டவணையும் என்ன சொல்லுது எண்டு நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றான். நான் அப்போது நினைத்தேன், பெரிய வேலை அவனுடையது, என்னுடையது வெறும் தட்டச்சு என்று. இரண்டு வருடத்துக்குப் பிறகு சொல்கிறேன், அது மறுபக்கம்.

முதலில் தமிழ் எழுத்து. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகத்திலும் கிடைத்த தமிழ் ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டியவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஆகவே அந்தப் பிடிஎஃப்பில் 'கிளிநொச்சி' என்று தேடினால் ஒன்றும் வராது. அட்டவணை இல்லை என்று நினைத்துப் போய்விடுவோம். நான் ஒரு மாதம் அப்படித்தான் பலதைத் தவறவிட்டேன். யுனிகோட் என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றிய பிறகும் ஒரு சிக்கல். கிளிநொச்சியில் உள்ள 'நொ' எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்க இரண்டும் ஒன்றேதான். தேடும்போது வேறு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யுனிகோட் சீராக்கம் என்று ஒன்று இருக்கிறது. தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் சேர்க்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் அதை ஓடவிட வேண்டும்.

அடுத்தது இந்தக் கட்டுரையின் தலைப்பு. பெறாமகன் எஸ்கியூலைட் என்ற இலவசத் தரவுத்தளத்தை எடுத்து, அதற்குள்ளேயே இருக்கும் எஃப்டிஎஸ்5 தேடுபொறியில் என் பட்டியலைப் போட்டான். நான் ஆசையோடு 'வேலை' என்று தட்டினேன். வந்ததெல்லாம் அரிசி விலை, தேங்காய் விலை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, திரும்பவும் பிழையான எண்ணுக்குள் விழப்போகிறோமே என்றுதான் இருந்தது. அவன் இரண்டு நாள் மினக்கெட்டுக் கண்டுபிடித்தான். அந்தத் தேடுபொறி சொற்களைப் பிரிக்கும் முறை, எழுத்தையும் இலக்கத்தையும் மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுக்கும். தமிழின் கொம்பு, கால், விசிறி, புள்ளி எல்லாம் யுனிகோட்டில் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. ஆகவே அவற்றை இடைவெளிபோல் எண்ணி வெட்டிவிடுகிறது. வேலையும் வ, ல. விலையும் வ, ல. வேலியும் அதே. தீர்வு ஒரு வரிதான்: யுனிகோட்61 சொல்பிரிப்பானின் வகைப் பட்டியலில் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்க்க வேண்டும். தமிழ்த் தேடல் செய்யும் வேறு யாராவது இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிறகு சொற்கள். எங்கள் பெண்கள் 'கச்சான்' என்றுதான் தேடுவார்கள், அட்டவணையில் நிலக்கடலை. இங்கே பள்ளிக்கூடத்தில் இடை, இடையம் என்று படித்தவர்களுக்கு, தமிழ்நாட்டுப் பக்கங்களைப் பார்த்துப் பழகியவர்கள் சராசரி, இடைநிலை என்று எழுதினால் விளங்காது. ஆங்கில அட்டவணைகளில் எங்கள் கரைதுறைப்பற்று 'மரிடைம்பற்று' என்று நிற்கிறது, தமிழ்ப் பெயரைத் தட்டினால் எங்கே கிடைக்கும்? முல்லைத்தீவையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். மாந்தை என்றால் இரண்டு: மாந்தை கிழக்கு எங்கள் மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார். இப்படி ஒரு பொருட்சொல் பட்டியலை எழுதினோம். கணினி படித்தவன் எழுதக்கூடிய பட்டியல் இல்லை இது. சங்கக் கூட்டத்தில் இருந்து, "இதை நீங்கள் என்னவென்று சொல்லுவீர்கள்" என்று கேட்டுக் கேட்டு எழுதியது.

ஆனால் உண்மையான வேலை இதெல்லாம் இல்லை. ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு வரி, அதில் தலைப்பும் ஆண்டும் பக்கமும் மட்டும் போதும் என்றுதான் தொடங்கினேன். முதல் ஐம்பது வரி எழுதி முடிக்கும்போது தெரிந்துவிட்டது, தலைப்பு போதாது. ஆகவே நிரல்களைக் கூட்டினேன். யாரைக் கேட்டார்கள்? எத்தனை வீடுகளை? எந்த மாவட்டம் சேரவில்லை? வீதம் என்றால் எதில் வீதம்? எண் ஆளுக்கா, வீட்டுக்கா? எந்த வறுமைக்கோடு, எந்த வரைவிலக்கணம்? இவ்வளவும் பெரும்பாலும் அட்டவணைக்குள் இருக்காது. அடிக்குறிப்பில் இருக்கும், அல்லது அறிக்கையின் முன்பகுதியில், நாங்கள் எல்லோரும் தாண்டிப்போகும் பக்கங்களில் இருக்கும்.

'நகரம்' என்ற சொல்லை எடுங்கள். கிளிநொச்சி நகரத்துப் பெண்களைப் பற்றி ஒரு எண் வேண்டும் என்று பக்கத்து மாவட்டத்துச் சங்கம் ஒன்று கேட்டது. நகரம், கிளிநொச்சி என்று தேடினால் ஒன்றும் இல்லை. கருவி பழுது என்று நினைத்தோம். இல்லை. புள்ளிவிபரத்தில் நகரம் என்றால் மாநகர சபையோ நகர சபையோ உள்ள இடம் மட்டும். கிளிநொச்சியில் உள்ளவை கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று பிரதேச சபைகள். ஏ9 வீதியில் எத்தனை வங்கி, எத்தனை கடை நின்றாலும் அட்டவணையில் அது கிராமம். முல்லைத்தீவும் அப்படித்தான். வடக்கின் 'நகரத்துறை' எண்ணை எடுத்துக் கிளிநொச்சி நகரத்துக்கு ஒட்டிவிட்டால், அங்குள்ள ஒருவரைக்கூடக் கேட்காத எண்ணாகிவிடும்.

'வேலை' இன்னும் ஆழமானது. தொழிற்படை (வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும்) ஆய்வில் எங்கள் மாவட்டத்து வேலையின்மை வீதத்தைப் பார்த்துவிட்டு ஒரு தங்கச்சி கோபப்பட்டாள். "நாங்கள் எல்லாரும் வேலையில்லாமல் இருக்கிறம், இதில இவ்வளவுதான் போட்டிருக்கு!" அவளிடம் கேட்டேன், போன கிழமை என்ன செய்தாய்? "ஒரு நாள் கச்சான் பிடுங்கப் போனன், அவ்வளவுதான்." சரி, அந்த ஆய்வின் கணக்கில் அவள் வேலை செய்பவள். ஆய்வு எடுத்துக்கொள்ளும் கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே போதும், விற்பதற்கான குடும்பப் பயிரில் சம்பளம் இல்லாமல் உதவியிருந்தாலும் போதும். வேலை தேடிக் களைத்துத் தேடுவதையே விட்டவள் வேலையற்றவளும் இல்லை, தொழிற்படைக்கு வெளியே. இது சர்வதேச வரைவிலக்கணம், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் நிலைமையைச் சொல்ல வேலையின்மை வீதத்தை எடுத்தால் நாங்களே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி. பார்க்கவேண்டிய அட்டவணை தொழிற்படையில் பங்குபற்றும் வீதம். நாடு முழுவதிலுமே வேலை வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுதான் தொழிற்படையில் இருக்கிறார்கள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை என்ற அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே எங்கள் கருவியில் 'வேலையின்மை' என்று தேடினால் இந்த இரண்டு அட்டவணையும் சேர்ந்தே வருகிற மாதிரிச் செய்தோம்.

வருமானம் கேட்டால் இடையை மட்டும் எழுதாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 இல் நாட்டில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் இடையாக 76,414 ரூபாய், இடையமாக, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு, 53,333 ரூபாய். இடைவெளி 23,000 ரூபாய்க்கு மேல். மேலே இருக்கும் சிலர் இடையை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

மாதிரியின் அளவையும் பாருங்கள். 2016 ஆய்வுக்குத் தெரிவான வீடுகள் 25,640, தகவல் கிடைத்தவை 21,756 குடும்பங்கள். 25 மாவட்டத்துக்குப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்கு ஆயிரமும் இல்லை. மாவட்ட மட்டத்தில் அதை ஓரளவு நம்பலாம். ஆனால் ஒட்டுசுட்டான் பிரதேசத்துக்கு மட்டும் வறுமை வீதம் எவ்வளவு என்று அந்த ஆய்வில் தேடக்கூடாது, அது அதற்காக எடுத்த மாதிரி இல்லை. பிரதேசத்துக்கும் கிராமத்துக்கும் எண் வேண்டுமானால் குடித்தொகைக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். மாவட்ட எண்ணிலும் நிதானம் வேண்டும். மன்னாரின் வறுமை 2012/13 இல் 20.1 வீதம், 2016 இல் 1.0 வீதம், இரண்டும் பழைய கோட்டிலேயே. மூன்று நாலு வருடத்தில் இப்படி ஒரு தாவலைக் கண்டால் அதை வைத்து ஒரு வசனம் எழுதுவதற்கு முன்னர், அறிக்கையின் பின்னிணைப்பில் நியமவழு (மாதிரியை மட்டும் கேட்டதால் எண் எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவு) கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். நான் இப்போது அதற்கும் ஒரு நிரல் வைத்திருக்கிறேன்.

கருவி ஓரளவு வேலை செய்யத் தொடங்கியதும் சங்கத்தில் காட்டினேன். பொருளாளர் அன்ரிக்கு அறுபது தாண்டிவிட்டது, கணக்கில் ஒரு சதம் பிசகாது. "முல்லைத்தீவு, வருமானம் எண்டு போடு பிள்ளை" என்றா. போட்டேன். 2019, 2016, 2012/13 வந்தன. அதற்கு முன்னர்? "முடிவுகள் இல்லை" என்று திரை சொன்னது.

"அப்ப அதுக்கு முதல் எங்களுக்கு வருமானமே இல்லையோ?" என்று கேட்டா.

அறிக்கைகளைத் திரும்ப எடுத்தேன். 2002 ஆய்வில் வடக்கும் கிழக்கும் முழுவதும் இல்லை. 2006/07 இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10 இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் சேர்ந்தன, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் இல்லை. 25 மாவட்டமும் சேர்ந்த முதல் ஆய்வு 2012/13. தாய் சேய் சுகாதார எண்களுக்கு நாங்கள் பார்க்கும் குடித்தொகை சுகாதார ஆய்விலும் 2006/07 இல் வட மாகாணம் இல்லை. குடித்தொகைக் கணக்கெடுப்பு 1981 க்குப் பிறகு நாடு முழுவதும் நடந்தது 2012 இல்தான். 2001 கணக்கெடுப்பு 18 மாவட்டத்தில் மட்டுமே முழுமையானது. 1981 அட்டவணையில் கிளிநொச்சி என்று மாவட்டமே இல்லை, அது யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1984 இல்.

அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். 2009/10 ஆய்வு நடந்தது 2009 ஜூலை முதல் 2010 ஜூன் வரை என்று சொன்னதும் கொஞ்சநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அந்த வருசம் எங்களிட்ட ஆர் வந்து கேக்கிறது? நாங்கள் சண்டை முடிஞ்சு முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள எல்லோ இருந்தனாங்கள்" என்றா.

அன்றே பெறாமகனுக்குச் சொன்னேன், 'முடிவுகள் இல்லை' என்ற வசனம் இந்தக் கருவியில் இருக்கக்கூடாது. இல்லாமைக்குப் பல வகை உண்டு. எண் பூச்சியம் என்பது ஒன்று. எண்ணிக்கை குறைவாக இருந்ததால் வெளியிடவில்லை என்பது ஒன்று. அப்படியொரு மாவட்டம் அப்போது இல்லை என்பது ஒன்று. ஆய்வு இங்கே நடக்கவில்லை என்பது இன்னொன்று. நாலையும் ஒரே வெறுமையாகக் காட்டினால், பார்ப்பவர் தனக்கு வசதியானதை நினைத்துக்கொள்வார். இப்போது 2009/10 ஐத் தேடினால், "இந்த ஆண்டில் முல்லைத்தீவு மாவட்டம் ஆய்வில் சேர்க்கப்படவில்லை, நாட்டு மொத்தத்திலும் இம்மாவட்டம் இல்லை" என்று எழுதி வரும். அந்த இரண்டாவது பகுதி முக்கியம். 2006/07 இன் 'இலங்கை' எண்ணையும் 2016 இன் 'இலங்கை' எண்ணையும் பக்கத்தில் வைத்தால் அவை ஒரே நாட்டின் எண்கள் இல்லை, ஒன்றில் நாங்கள் இல்லை.

இன்னொரு முடிவும் எடுத்தோம், இதில் எனக்கும் பெறாமகனுக்கும் ஒத்துவரவில்லை. தேடினால் எண்ணையே பெரிதாகக் காட்டலாம் என்பது அவன் விருப்பம், பார்க்க அழகாக இருக்கும். நான் விடவில்லை. எங்கள் கருவி எண்ணைக் காட்டாது. அட்டவணையின் பெயர், யாரைக் கேட்டது, யாரை விட்டது, எந்தக் கோடு, எத்தனையாம் பக்கம் என்று காட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணை எடுப்பது தேடுபவரின் வேலை. கொஞ்சம் சிரமம்தான். ஆனால் நான் 12.7 ஐயும் 44.5 ஐயும் எடுத்த அன்று அந்தச் சிரமம் எனக்கு இருந்திருந்தால் நல்லது.

முன்மொழிவைத் திருத்தி எழுதினேன். 'மூன்று மடங்கு' போய்விட்டது. 2019 இன் 44.5 ஐயும் அதே கோட்டில் நாட்டின் 14.3 ஐயும் மட்டும் பக்கத்தில் வைத்தேன், எந்தக் கோடு என்றும் எழுதினேன். சேர்த்து ஒரு வசனம்: 2012/13 க்கு முந்திய நிலைமைக்கு ஒப்பீடு தர முடியாது, அப்போது இந்த மாவட்டத்தில் இந்த ஆய்வு நடக்கவில்லை. கொழும்புப் பிள்ளை திரும்ப எடுத்து, அந்த வசனத்தை வாசித்தபோதுதான் மற்ற எண்களிலும் தனக்கு நம்பிக்கை வந்தது என்று சொன்னா. இயந்திரம் வந்தது. கொட்டகைக்குக் கூரை மட்டும் நாங்கள் சீட்டுப் பிடித்துப் போட்டோம்.

பட்டியலில் இப்போது நானூற்றுச் சொச்சம் அட்டவணை. 2024 டிசம்பர் கணக்கெடுப்பின் அட்டவணைகள் வர வரச் சேர்க்கிறோம். வாசித்துச் சொல்வது அன்ரி, தட்டுவது நான். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அவ முதலில் வாசிப்பது அடிக்குறிப்பை. கச்சான் பருவத்தில் மட்டும் வேலை நின்றுவிடும், மழைக்கு முன்னர் பிடுங்கிக் காயவைக்க வேண்டுமே.